நீலத் தொப்பி வரும் வரை

ஜூன் 4

சின்னவனுக்கு,

உன் ஈமெயில் முகவரியைச் சித்தி மகளிடம் கெஞ்சி வாங்கினேன். அவளைத் திட்டாதே, தரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். நீ போன் எண்ணை மாற்றி நான்கு வருடம் ஆகிறது, அதனால் எழுதுகிறேன். படிக்காமல் அழித்துவிடாதே. உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. ஒரு உதவி வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவனுக்கு உடம்பு சரியில்லை. மார்ச் மாதம் டெப்போவில் பஸ்ஸைக் கிளப்பச் சாவியைத் திருப்பப் போனவனுக்கு வலது கை வரவில்லை. தலைக்குள் கட்டி. முழுதாக எடுக்க முடியாத இடமாம், பாதி எடுத்தார்கள். கை போனது போனதுதான். பேச்சும் தடுக்கிறது. செருப்பைக் கேட்க நினைத்து ஜன்னலைக் கேட்கிறான், பிறகு தானே சிரிக்கிறான். வருடக் கடைசி வரை பார்க்கலாம் என்று டாக்டர் அவனிடமே சொல்லிவிட்டார். யாரோ லீவு கிடையாது என்று சொன்ன மாதிரி "சரி சார்" என்றான். இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கிறான். உன் மாமாதான் குளிப்பாட்டுகிறார்.

போன வாரம் திடீரென்று, "அக்கா, அந்த... கதவு... கதவு கேம் இருக்கா?" என்றான்.

உனக்கு மறந்திருக்காது. சிவப்புத் தொப்பி ஒன்று, நீலத் தொப்பி ஒன்று. இரண்டும் ஒரே கல்லில் ஏறி நின்றால்தான் கதவு திறக்கும். நாற்பது கதவு. அவன் சிவப்பு, நீ நீலம், நான் பக்கத்தில் உட்கார்ந்து "சத்தத்தைக் குறைங்கடா" என்று கத்துகிற ஆள். முப்பத்தாறாவது கதவில் உன் மார்க் ஷீட் வந்து, அம்மா கேம் பெட்டியை அலமாரி மேலே ஏற்றிவிட்டாள். அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது, வேறு ஒன்றும் நடக்கவில்லை.

கம்ப்யூட்டரில் எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் போட்டால் பழைய கேம் ஓடும் என்று படித்தேன். ஒன்றை இறக்கினேன். திறந்தால் பயாஸ் இல்லை என்கிறது. பயாஸ் என்றால் என்ன, அதை எங்கே போய் வாங்குவது? நான் பல் செட் செய்கிறவள். மெழுகு, மாவு, அச்சு என்றால் சொல், கண்ணை மூடிக்கொண்டு செய்கிறேன். இது ஆழம் தெரியாமல் காலை விட்டதாகிவிட்டது.

அக்கா

ஜூன் 6

அக்கா,

சித்தி மகளை நான் ஒன்றும் சொல்லவில்லை.

பயாஸ் என்பது அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிற ஆரம்ப நிரல். அது இல்லாமல் எமுலேட்டருக்குத் தான் யார் என்றே தெரியாது. நம் பெட்டி மாதிரியே ஒன்று என்னிடம் இருக்கிறது, அதிலிருந்து எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் கேம் டிஸ்க்கின் நகலும் இருக்கிறது, உன் டிஸ்க்கைத் தேட வேண்டாம்.

எமுலேட்டர் இருக்கும் ஃபோல்டருக்குள் பயாஸ் என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். முதல் ஃபைலை அதில் போடு. பெயரை மாற்றாதே. செட்டிங்ஸில் அதைக் காட்டு. பிறகு கேம் ஃபைலைத் திற. யு.எஸ்.பி. கன்ட்ரோலர் ஒன்று வாங்கிச் செருகு, தானாகப் பிடித்துக்கொள்ளும். படத்தைக் கூர்மையாக்கும் எந்த வசதியையும் தொடாதே, உன் லேப்டாப் தாங்காது.

உன் தம்பிக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 11

சின்னவனுக்கு,

"உன் தம்பி" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டு தம்பி. எவன் என்று கேட்கவில்லை, புரிந்துகொண்டேன்.

ஓடுகிறது. வேலையிலிருந்து வந்து ஒரு மணி நேரத்தில் போட்டுவிட்டேன். இரண்டு தொப்பியும் திரையில் வந்ததும் உன் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் ஒரு சிக்கல். பெரியவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "இது நம்ம பாட்டு இல்லக்கா," என்றான்.

"டேய், அதே கேம்தான்டா. தொப்பியப் பாரு."

"ஓடுது. ரொம்ப ஓடுது. நம்மது... நடக்கும்."

தலையில் கட்டி இருப்பவன் சொல்கிறான், நாம் என்ன செய்வது என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதையே சொன்னான். நேற்று நான் போட்டுக் காட்டப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். உனக்கு ஏதாவது புரிகிறதா?

அக்கா

ஜூன் 12

அக்கா,

அவன் சொல்வது சரி. தப்பு என்னுடையது.

நம் வீட்டில் இருந்த பெட்டி நொடிக்கு ஐம்பது படம் காட்டும் வகை. என்னிடம் இருப்பது இந்த நாட்டில் வாங்கியது, நொடிக்கு அறுபது. ஆட்டமும் பாட்டும் அந்த அளவுக்கு வேகமாகப் போகும். இந்த கேமைச் செய்தவர்கள் ஐம்பதுக்காக எதையும் திருத்தவில்லை, அப்படியே மெதுவாக ஓடவிட்டார்கள். நாம் கேட்டு வளர்ந்தது அந்த மெதுவான பாட்டு. பெட்டியை வாங்கிய புதிதில் எனக்கும் என்னவோ போல இருந்தது, நாளாக ஆகப் பழகிவிட்டது. அவன் இருபத்திரண்டு வருடம் கழித்து, அந்தத் தலையோடு, காதால் கண்டுபிடித்திருக்கிறான்.

எமுலேட்டரில் வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் பாட்டு இழுக்கும். நம் டிஸ்க்கே வேண்டும். பெட்டியோடு இருக்கிறதா? கீறல் எப்படி இருக்கிறது?

ஜூன் 19

சின்னவனுக்கு,

டிஸ்க் இருக்கிறது. அடிப்பக்கம் பூனை பிறாண்டின மாதிரி. லேபுக்குக் கொண்டுபோனேன். பல் செட் முடிந்ததும் மெருகு போடுவோமே, அந்தப் பேஸ்ட்டைத் துணிச் சக்கரத்தில் தடவி, மெஷினை மிக மெதுவாகச் சுழலவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தேன். சூடு ஏறினால் வளைந்துவிடும் என்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினேன். மூன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போயிற்று. எங்கள் டாக்டர் எட்டிப் பார்த்து, "இது யாரோட பல்லும்மா?" என்றார். "என் தம்பிகளோடது," என்றேன்.

கம்ப்யூட்டர் அதைப் படித்துவிட்டது. நெட்டில் பார்த்து நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்தேன். பாட்டு வந்தது. பெரியவன் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டான். "ம், நடக்குது," என்றான்.

இப்போது கை. வலது பக்கப் பட்டன் எதையும் அவனால் அழுத்த முடியாது. மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கன்ட்ரோலரை வைத்து, இடது கையால் எட்டி எட்டிப் பார்க்கிறான். நழுவிவிடுகிறது. தரையில் விழும்போதெல்லாம் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது வழி சொல்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

கன்ட்ரோலரை விட்டுவிடு. தனி கீபோர்டு ஒன்று வாங்கி, தலையணைக்குப் பதில் பலகையில் வைத்து, டேப் போட்டு ஒட்டு. செட்டிங்ஸில் எந்த வேலைக்கு எந்தப் பட்டன் என்று நாமே மாற்றலாம். இடது கை விரல்கள் இயல்பாக உட்காரும் இடத்தில் நான்கு திசையையும் வை. கட்டை விரலுக்கு நீளமான பட்டன், அதில் குதி. சுண்டு விரலுக்கு ஆள் மாற்றும் பட்டன். தனியாக ஆடினால், அதை அழுத்தும்போதெல்லாம் சிவப்பு நின்றுகொள்ளும், நீலம் நகரும். இரண்டையும் ஒருவனே மாற்றி மாற்றிக் கூட்டிப்போகலாம். இரட்டிப்பு நேரம் ஆகும்.

அமைத்து முடித்ததும் எஃப்2 அழுத்து. அந்த நொடியை அப்படியே ஒரு படமாகப் பிடித்து வைக்கும். எங்காவது மாட்டிக்கொண்டால் எஃப்4 அழுத்து, அந்தப் படம் திரும்ப வரும். அவன் கேமுக்குள் சேமிப்பது வேறு, அது மெமரி கார்டில் போய் உட்காரும்.

டிஸ்க்குக்கு மெருகு போட்டதை இங்கே எங்கள் ஆட்களிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக்குகளைச் சிரிக்க வைப்பது எளிதில்லை.

ஜூலை 15

சின்னவனுக்கு,

முப்பத்தோரு கதவு. நாலு வாரத்தில் முப்பத்தோரு கதவு திறந்திருக்கிறான்.

காலையில் மாத்திரை முடிந்ததும் பலகையை மடியில் வைக்கச் சொல்வான். சிவப்பைக் கல்வரை கொண்டுபோய் நிறுத்துவான். பிறகு திரும்ப வந்து நீலத்தைக் கூட்டிப்போவான். நீலம் பள்ளத்தில் விழுந்தால், "பாத்து வாடா," என்பான். மற்ற வார்த்தையெல்லாம் தடுக்கிறது, இது மட்டும் சுளுவாக வருகிறது. நீ இப்போதும் ஏழு வயசு போல அவனுக்கு.

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வரச் சொல்லமாட்டேன் என்றேன், இப்போது அந்த வார்த்தையை விழுங்குகிறேன். வந்து பாரேன். இடது காலும் சரியில்லாமல் போகிறது. அம்மா விஷயத்தை நீ நினைக்கிற மாதிரி மட்டுமே வைத்துக்கொண்டிருக்காதே. எல்லாவற்றையும் எழுத்தில் சொல்ல முடியாது.

அவசரமாக இன்னொன்று. இன்று முப்பத்தோராவது கதவு திறந்ததும் திரை அப்படியே உறைந்துவிட்டது. பாட்டு ஒரே இடத்தில் விக்கிக்கொண்டு நிற்கிறது. எதை அழுத்தினாலும் அசையவில்லை. அவன் காத்துக்கொண்டிருக்கிறான். என்ன செய்ய?

அக்கா

ஜூலை 15

அக்கா,

எஃப்4 அழுத்து. பழைய படம் வரும். அங்கிருந்து ஆடச் சொல்.

மற்றதற்குப் பதில். அம்மாவின் கடைசி நாளில் நான் விமானம் மாறுகிற ஊரில் மாட்டிக்கொண்டு அவனுக்குப் போன் செய்தேன். "அண்ணா, நான் வர்ற வரைக்கும் மூச்சு மெஷின எடுக்க விடாத. அம்மா மூச்சோட இருக்கும்போது ஒரு தடவ பாத்துக்கறேன்," என்றேன். "சரிடா," என்றான். ஒன்பது மணி நேரம் கழித்து வந்தேன். அம்மா போர்வைக்குள் இருந்தாள். யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து "நான்தான்" என்றான்.

கதவு கேமில் ஒரு நாள்கூட என்னை விட்டுவிட்டு முன்னால் போனவன் இல்லை அவன். நான் எத்தனை முறை விழுந்தாலும் கல்லில் நின்றுகொண்டே இருப்பான். அவன் சிவப்புத் தொப்பி கொட்டாவி விட்டு, அலுத்துப்போய்க் கல்லிலேயே உட்கார்ந்துவிடும், அவ்வளவு நேரம் நிற்பான். அவனால் ஒன்பது மணி நேரம் நிற்க முடியவில்லை. அதை என்னால் எந்த மாதிரியும் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

ஜூலை 24

சின்னவனுக்கு,

எஃப்4 அழுத்தினேன். திரை வந்தது. முதல் கதவு.

நான் ஒரே ஒருமுறைதான் எஃப்2 அழுத்தியிருந்தேன், நீ சொன்ன அன்றைக்கே, கீபோர்டை ஒட்டி முடித்ததும். அவன் மெமரி கார்டில் சேமித்தது இருக்குமே என்று அதைத் திறந்து பார்த்தேன். காலி. நெட்டில் படித்த பிறகுதான் தெரிந்தது. இந்த எமுலேட்டரில் பழைய படத்தை ஏற்றினால் மெமரி கார்டும் அந்த நாளில் இருந்தபடி ஆகிவிடுமாம். முப்பத்தோரு கதவும் போயிற்று. நாலு வாரம். அவனுக்கு நாலு வாரம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவன் பலகையைத் தன் பக்கம் இழுத்து, "பரவால்லக்கா. முதல்ல இருந்து," என்றான். கொஞ்சம் கழித்து, வார்த்தையைத் தேடித் தேடி எடுத்து, "சின்னவன்கிட்ட சொல்லாத. வருத்தப்படுவான்," என்றான்.

ஒன்பது நாளாக யோசித்து இதை எழுதுகிறேன். ஏனென்றால் இதே வார்த்தையை இதே வாயால் அவன் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போட்டது நான். அவன் இல்லை. "சின்னவன் வரட்டும்க்கா, நான் வாக்குக் குடுத்திருக்கேன்," என்று உன் போன் வந்ததிலிருந்து டாக்டரோடு சண்டை பிடித்தவன் அவன். எனக்குத் தேநீர் வாங்கிவர அவன் கீழே போயிருந்தான். அம்மாவின் கண்ணோரத்தில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. துடைத்தால் திரும்ப வந்தது. உணர்வு இல்லை, அது தானாக வருகிற நீர் என்றார்கள். என்னால் நம்ப முடியவில்லை. துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோய், நர்ஸிடம் நானே சம்மதத் தாளைக் கேட்டு வாங்கினேன். அவன் இரண்டு கப்போடு மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நான் போட்டேன்னு சொல்லிக்கறேன். என்னோட சண்ட போட்டா ரெண்டு வருஷத்துல சரியாயிடுவான். உன்னோட போட்டா அவனுக்கு வர்றதுக்கு வீடே இல்லாம போயிடும். அவன்கிட்ட சொல்லாத," என்றான். நானும் சொல்லவில்லை. கோழைத்தனம், வேறு பெயர் இல்லை. இரண்டு வருடம் நான்காயிற்று.

இனி நீ என்னைத் திட்டு. அவனை விட்டுவிடு.

அக்கா

ஆகஸ்ட் 16

அக்கா,

மூன்று வாரமாக உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. நான்கு முறை எழுதி அழித்தேன். அவற்றில் இருந்ததை நீ படிக்காமல் இருப்பதே நல்லது.

நான்கு வருடமாக ஒரு தப்பும் செய்யாத ஆளை வெறுத்திருக்கிறேன். அதற்கு நீ காரணம். இதைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது, சொல்லிவிட்டேன்.

அடுத்தது என் கணக்கு. எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான்: லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பார்க்காமல் கதவைத் திறக்காதே. பதினொரு வருடமாக நான் ஒருமுறைகூட மறந்ததில்லை. உனக்கு எஃப்4 அழுத்து என்று எழுதும்போது, அந்தப் படத்தை என்றைக்கு எடுத்தாய் என்று கேட்கவே இல்லை. உன்மேல் கோபம், அவன்மேல் கோபம், அம்மா விஷயத்தை எழுதித் தீர்க்கிற அவசரம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். முப்பத்தோரு கதவும் என் கையால் போனவை.

அம்மா விஷயத்திலும் அதையேதான் செய்திருக்கிறேன். எதையும் பார்க்காமல் கதவைச் சாத்தினேன்.

வரவேண்டும். ஆனால் நேரே வந்து அவன் முகத்தைப் பார்க்க இப்போது எனக்குத் துணிச்சல் இல்லை. முதலில் தொப்பியாக வருகிறேன். எமுலேட்டரில் நெட்பிளே என்று ஒன்று உண்டு. உன் கம்ப்யூட்டரும் என் கம்ப்யூட்டரும் இணைந்து ஒரே ஆட்டத்தை ஆடும். ஒரே பதிப்பு எமுலேட்டர் வேண்டும், ஒரே கேம் ஃபைல் வேண்டும். நீ மெருகு போட்ட டிஸ்க்கின் நகலை எனக்கு அனுப்பு. மெமரி கார்டு உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டாவது ஆட்டக்காரர் இடத்தில் என்னைச் சேர்க்கும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் நேரம் பத்து மணி.

அண்ணனிடம் யார் என்று சொல்லாதே. அவனுக்குத் தெரிகிறதா பார்க்கிறேன்.

செப்டம்பர் 2

சின்னவனுக்கு,

"அண்ணன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் அவனுக்குப் படித்துக் காட்ட ஆசையாக இருந்தது, நீ சொல்லாதே என்றதால் வாயைக் கட்டிக்கொண்டேன்.

நேரில் பார்க்காத உனக்காக முதல் ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். அவன் வழக்கம் போலச் சிவப்பைக் கல்லுக்குக் கொண்டுபோனான். ஆள் மாற்றும் பட்டனை அழுத்தினான். நீலம் அவன் சொன்னதைக் கேட்கவில்லை, தானாக நடந்தது. "அக்கா, கெட்டுப்போச்சு," என்றான். நீலம் போய் நேராகப் பள்ளத்தில் விழுந்தது. எழுந்து வந்து அதே பள்ளத்தில் இன்னொரு முறை விழுந்தது. அவன் விரல் அப்படியே நின்றுவிட்டது. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கட்டை விரலால் சிவப்பை இரண்டு முறை குதிக்க வைத்தான். கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி இரண்டு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, நான் துடைக்கப் போனால் தலையை ஆட்டித் தள்ளிவிட்டான். நான் திரையை மறைக்கிறேனாம்.

அந்தக் குதி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான், அல்லது சொல்ல வரவில்லை.

நீங்கள் இருவரும் சேர்ந்து முதலிலிருந்து ஆரம்பித்ததில் நேற்றோடு ஆறு கதவு. நீ தினமும் வேலைக்குப் போகுமுன் வருவதால் அவன் காலை மாத்திரைக்கு முரண்டு பிடிப்பதில்லை. சட்டை மாற்றச் சொல்கிறான். "நீலம் பாக்குமா?" என்று கேட்டான். பார்க்காது என்றேன். இருந்தாலும் மாற்றச் சொன்னான்.

அக்கா

செப்டம்பர் 5

அக்கா,

இரண்டு குதி என்றால் "வா". ஒரு குதி என்றால் "நான் வந்துட்டேன், நிக்கறேன், நீ மெதுவா வா". உன் ஹோம்வொர்க்குக்குத் தொந்தரவு இல்லாமல் பேச நாங்கள் வைத்துக்கொண்டது. அம்மா தூங்கும்போதும் உதவும்.

நான் அழுத்துவதற்கும் நீலம் நகர்வதற்கும் நடுவே கொஞ்சம் தாமதம் ஆகிறது. தூரம் அவ்வளவு. அதனால்தான் விழுகிறேன் என்று அவனிடம் சொல். பாதிதான் உண்மை.

லீவு கேட்டேன். இரண்டு பேர் ஏற்கனவே ஊருக்குப் போயிருக்கிறார்கள், அக்டோபர் இருபதுக்குத்தான் விடுவார்களாம். டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்குள் நாற்பதை முடிக்க வேண்டாம், ஒன்றிரண்டை மிச்சம் வைத்துக்கொள்வோம் என்று சொல். பக்கத்தில் உட்கார்ந்து முடிக்கலாம்.

அக்டோபர் 9, காலை 11

சின்னவனே,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்குப் பேச்சு வராது.

இன்று காலை இருபத்தேழாவது கதவில் உன் இணைப்பு அறுந்தது என்று நினைத்திருப்பாய். அது தானாக அறுந்துபோகவில்லை. அவனுக்கு வலிப்பு வந்து, கை பட்டு நெட் ஒயர் கழன்றது. வலிப்பு நிற்கவே இல்லை. இப்போது நினைவில்லாமல் இருக்கிறான். மூச்சு தடுமாறுகிறது. குழாய் போட்டு மெஷினில் வைத்தால் நீ வரும்வரை நிறுத்தலாம் என்கிறார்கள். வைக்காவிட்டால் இன்று சாயங்காலம் தாண்டாது.

அவன் ஆகஸ்டிலேயே டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டான், மெஷின் வேண்டாம் என்று. இடது கைக் கையெழுத்து, குழந்தை போட்ட மாதிரி. ஆனால் வீட்டார் சொன்னால் ஒருநாள் இரண்டுநாள் வைக்கலாம் என்கிறார்கள். நீ இப்போதே கிளம்பினாலும் நாளை மறுநாள்தான்.

போன தடவை நான் உன்னைக் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்கிறேன். நீ வை என்றால் வைக்கிறேன். அவன் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. உனக்காகக் காத்திருக்கட்டுமா?

அக்டோபர் 9

அக்கா,

லிஃப்ட் மெஷின் இருக்கும் மேல்மாடியில் வேலையாக இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

காத்திருக்க வேண்டாம். அவன் நிறைய நின்றுவிட்டான். உட்காரட்டும்.

டாக்டரிடம் சின்னவன் சொன்னான் என்று சொல். இந்தத் தடவை யாரும் யார் பழியையும் வாங்கிக்கொள்ள வேண்டாம். நான் சொன்னேன், நீ செய்தாய், அவன் கேட்டது இது.

கண்ணோரத்தில் நீர் வந்தால் துடைத்துவிடு. அவன் காதில் ஒன்று மட்டும் சொல். நீலம் கிளம்பிடுச்சு, விழாம வரும் என்று சொல்.

நவம்பர் 14

அக்கா,

வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது.

அங்கே இருந்தவரை முன்னறையில் அந்த லேப்டாப் துணிக்கடியில் இருந்தது. நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவன் முகத்தை நான் பார்க்கும்வரை உடலை எடுத்துப் போகாமல் வைத்திருந்தீர்களே, அதற்கு நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அங்கே கேட்க முடியாத ஒன்றை இங்கிருந்து கேட்கிறேன். அன்று காலை இருபத்தேழாவது கதவு. அவன் எனக்கு முன்பே கல்லுக்குப் போய்விட்டான். ஒரு முறை குதித்தான். நான் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் பக்கம் திரை கறுத்தது. மெமரி கார்டில் கதவு திறந்த பிறகுதான் சேமிக்க முடியும், அதனால் அதில் இருபத்தாறுதான் இருக்கும். தெரியும். இருந்தாலும் அந்த இடம் எங்காவது இருக்குமா என்று தினமும் நினைக்கிறேன். வேலை நேரத்தில் படியைப் பார்த்தால் அந்த ஞாபகம் வந்துவிடுகிறது.

சின்னவன்

நவம்பர் 17

சின்னவனுக்கு,

இருக்கிறது.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைத் தூக்கும்போது உன் மாமா செருப்பைத் தேடினார், நான் திரும்ப ஓடிப்போய், இணைப்பு போனதும் அப்படியே நின்றுபோயிருந்த ஆட்டத்தில் எஃப்2 அழுத்தினேன். தம்பி போய்க்கொண்டிருக்கிறான், இவள் கேமைப் பிடித்து வைக்கிறாள். பைத்தியக்காரத்தனம்தான். முப்பத்தோரு கதவைத் தொலைத்த கை, தானாகப் போய் அழுத்திவிட்டது.

அதன் பிறகு எஃப்4 பக்கம் விரலைக் கொண்டுபோகவே இல்லை. போன தடவை அதை அழுத்தித்தானே எல்லாம் போயிற்று. நேற்று உன் கடிதம் வந்ததும், எந்த நாளில் எடுத்த படம் என்று முதலில் பார்த்தேன். அக்டோபர் 9, காலை 8.52. பார்த்த பிறகுதான் அழுத்தினேன். உன் லிஃப்ட் பாடம்.

பாட்டு வந்தது, மெதுவாக, நம் பாட்டு. சிவப்புத் தொப்பி கல்லின்மேல் நின்றது. நான் கீபோர்டைத் தொடவில்லை. தொட மனசு வரவில்லை, அவன் விரல் பட்ட இடத்தில் டேப் தேய்ந்திருக்கிறது. சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது கொட்டாவி விட்டது. பிறகு கல்லிலேயே உட்கார்ந்துகொண்டது.

மற்ற கதவெல்லாம் எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம் என்று நினைக்கிறேன். இது ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்து வைக்கிறேன், வா. நீலத்துக்கு இன்னும் எட்டுப் படி இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். அவசரம் இல்லை. மெதுவாகவே ஏறி வா.

அக்கா